தோன்றா எழுவாய்

எழுத்தாளன் பிறக்கிறான், எந்த வகுப்பறையும் அவனை ஆக்குவதில்லை என்று சொல்வோர் நம்மிடையே உளர். வாழ்க்கையே எழுத்தாளனின் பள்ளிக்கூடம், கரும்பலகையைப் பார்த்து எவனும் எழுதக் கற்றதில்லை என்று சொல்வோரும் உளர். முதற் கூற்று திறமையைத் தெய்வ வரமாக்கிச் சிலருக்கு மட்டும் உரியதாக்கி விடுகிறது. இரண்டாவது கூற்று கேட்பதற்கு இனியது. ஆயின், வாழ்க்கையை நன்கறிந்த உழைப்பாளிகள் ஏன் எழுதவில்லை என்ற கேள்விக்கு அதனிடம் விடையில்லை. கொழுந்து பறிக்கும் பெண்ணைவிடத் தேயிலைத் தோட்டத்தை அறிந்தவர் யார்? எனினும், தேயிலைத் தோட்டத்தைப் பற்றிய நூல்களை எழுதியோர் பெரும்பாலும் வேறு ஆட்களே. வாழ்க்கைக்கும் எழுத்துக்கும் இடையில் ஒரு வேலை இருக்கிறது. அவ்வேலையைக் கற்கலாம், கற்பிக்கவும் கூடும்.

1990களின் பிற்பகுதியில் மலையகத்து ஆசிரியர் கல்லூரி ஒன்றில் நாம் பயின்றோம். அங்கே தமிழ்ப் பாடநெறியின் ஒரு பகுதியாகக் கட்டுரை வரைதலும் இருந்தது. எழுத்துத் துறையில் எமக்கு ஏதேனும் வளர்ச்சி உண்டாயின், அதன் பெரும்பகுதி அவ்விரண்டு ஆண்டுகளில் நிகழ்ந்தது. அந்த வளர்ச்சியின் தன்மையைச் சிறிது ஆராய்ந்து பார்ப்பது, இன்று வகுப்பறைகளில் நிற்கும் ஆசிரியர்களுக்கும் நாளை அங்கே நிற்கப் போகும் மாணவர்களுக்கும் பயன் தருமென எண்ணுகிறோம்.

அக்கல்லூரிக்கு நாம் வெறுங்கையுடன் செல்லவில்லை. தோட்டப் பாடசாலையும், பின்னர் நகரத்துப் பாடசாலையும் தந்த மாதிரிக் கட்டுரை எம்மிடம் இருந்தது. முன்னுரையில் ஒரு பழமொழி. பொருளுரையில் ஒரு செய்யுளடி. முடிவுரையில் "எனவே நாம் அனைவரும்" என்று தொடங்கும் ஓர் அறிவுரை. இதுவே அதன் அமைப்பு. க. பொ. த. சாதாரண தரப் பரீட்சைக்குச் செல்லும் மாணவன் இத்தகைய கட்டுரைகளிற் பத்துப் பன்னிரண்டை மனனஞ் செய்து கொண்டால், எந்த வினாவுக்கும் ஏதோ ஒன்றை வளைத்துப் பொருத்தி விடலாம்.

இதனை எள்ளி நகையாடுதல் எளிது, ஆனால் நேர்மையன்று. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் 1970களிலேதான் பொறுப்பேற்றது. அதுவரை ஒற்றை மண்டபமும் ஓரிரு ஆசிரியர்களுமாக அவை நொண்டி நடந்தன. அப்பாடசாலைகளிலிருந்து புறப்பட்ட முதற் தலைமுறைகளுக்கு, ஒரு நூல்கூட இல்லாத லயத்து அறையில் வளர்ந்த பிள்ளைகளுக்கு, நாட்டின் பொதுத் தமிழைக் கையில் எடுத்துக் கொடுத்தது அந்த மாதிரிக் கட்டுரைதான். அம்மொழி இல்லாவிடின் ஒரு விண்ணப்பப் படிவத்தைக்கூட எவரும் நிரப்பியிருக்க முடியாது. ஆதலின், அதற்குரிய நன்றியைக் கூறிய பின்னரே அதன் எல்லையைப் பற்றிப் பேசுதல் தகும்.

அந்த எல்லையை எமக்குக் காட்டியவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த விரிவுரையாளர் ஒருவர். முதல் வாரத்தில் "தேயிலைத் தோட்டத்தில் ஒரு நாள்" என்ற தலைப்பைக் கொடுத்தார். கட்டுரைகள் வந்து குவிந்தன. மலைகள் பச்சைக் கம்பளம் போர்த்தியிருந்தன. பனித்துளிகள் முத்துகளாக ஒளிர்ந்தன. கூடை சுமந்த பெண்கள் வானம்பாடிகளைப் போலப் பாடித் திரிந்தனர். அவர் எவருக்கும் புள்ளி வழங்கவில்லை. ஐந்து கட்டுரைகளை உரக்கப் படித்துவிட்டு, "இதுகளிலை வேலை செய்யிறது ஆர்?" என்று மட்டும் கேட்டார். வகுப்பு மௌனமாயிருந்தது. அக்கட்டுரைகளிற் கதிரவன் எழுந்தான், மூடுபனி கலைந்தது, ஓடை ஓடியது, குருவி பாடியது. உலகம் முழுவதும் வேலை செய்தது. கொழுந்து பறிப்பவளின் கைகள் மட்டும் வேலை செய்யவில்லை. அவ்வகுப்பிற் பலர் கொழுந்து பறிப்பவர்களின் பிள்ளைகள் என்பதை இங்கே நினைவிற் கொள்ள வேண்டும். வழக்கமாகிப் போன சொற்கோவை, பெற்ற தாயைக்கூடப் பிள்ளையின் கண்ணுக்கு மறைக்கும் வலிமையுடையது.

இத்தகைய அலங்கார நடையே தமிழ் மரபு என்று வாதிட்ட நண்பர் ஒருவருக்கு விரிவுரையாளர் ஆறுமுக நாவலரின் பாலபாடங்களைக் கொண்டுவந்து காட்டினார். 1822 இற் பிறந்து 1879 இல் மறைந்த நாவலருடைய சமயக் கொள்கையும் சமூக நோக்கும் எமக்கு உடன்பாடானவை அல்ல. எனினும், பாடசாலைப் பிள்ளைக்கு விளங்க வேண்டும் என்ற ஒரே நோக்கத்துடன் சந்தி பிரித்தும், குறியீடுகள் இட்டும், சிறு சிறு வாக்கியங்களாக அவர் எழுதிய வசனம் அலங்காரத்தை நாடவில்லை. பரீட்சைக் கட்டுரையின் அணிகலன்களுக்கு அவர் பொறுப்பாளியல்லர். மரபு என்று நாம் அஞ்சியதிற் பாதி, பிற்காலத்தார் சேர்த்த பூச்சு.

அடுத்த பயிற்சிக்காக விரிவுரையாளர் எம்மை விடுமுறைக்கு வீட்டுக்கு அனுப்பினார். வீட்டில் அல்லது அயலில் நடைபெறும் வேலை ஒன்றை ஒரு நாள் முழுவதும் நின்று பார்த்து எழுதி வரவேண்டும், உவமை கூடாது. நாம் எமது தாயார் வேலை செய்த தோட்டத்தின் கொழுந்து மடுவத்துக்குச் சென்று நின்றோம். நாளொன்றுக்கு மூன்று முறை அங்கே கொழுந்து நிறுத்தார்கள். பெண்கள் வரிசையில் நின்று சாக்கைத் தராசிற் கொளுவினர். கணக்கப்பிள்ளை முள்ளைப் பார்த்தார். ஓர் எண்ணைச் சொன்னார். வேறோர் எண்ணை எழுதினார். சாக்கின் நிறைக்கென்றும், இலையின் ஈரத்துக்கென்றும் இரண்டு கிலோ குறைந்தது. மழையில்லாத நாளிலும் ஈரத்தின் கணக்குக் குறையவில்லை. நாளின் முடிவில் மொத்த நிறை தோட்டம் விதித்த அளவை எட்டாவிடின், அவளுக்கு அன்று அரைப் பேர்தான்.

இதனை நாம் கட்டுரையாக்கிச் சென்றோம். அதில் உவமை இல்லை, பனித்துளியும் இல்லை. "ஒவ்வொரு நிறுவையிலும் இரண்டு கிலோ கழிக்கப்படுகிறது" என்பது அதன் நடுநாயகமான வாக்கியம். விரிவுரையாளர் முழுவதையும் படித்துத் தலையசைத்தார். பின்னர் அவ்வாக்கியத்தின் கடைசிச் சொல்லைச் சுற்றிச் சிவப்புப் பேனையால் வட்டமிட்டு, "எழுவாய் எங்கை, தம்பி?" என்று கேட்டார். "இரண்டு கிலோ" என்றோம். "அது கழிபட்டது. கழிச்சது ஆர்?" என்றார்.

அன்று அவர் நடத்திய இலக்கண பாடம் இன்றும் எமக்குத் துணையாக நிற்கிறது. "வந்தேன்" என்று ஒருவன் சொன்னால், "நான்" என்ற எழுவாய் வாக்கியத்தில் இல்லை. ஆயினும் அது ஒளிந்திருக்கவில்லை. வினையின் விகுதி அதனைக் காட்டிக் கொடுத்து விடுகிறது. இதனையே தோன்றா எழுவாய் என்கிறோம். தமிழ் வினைமுற்றின் நேர்மை இது. செய்தவனின் அடையாளத்தைத் தன் வாலிற் சுமந்து கொண்டே அது நடக்கிறது. செயப்பாட்டு வினையோ அவ்வாறன்று. "கழிக்கப்படுகிறது" என்ற சொல்லின் விகுதி கழித்தவரைச் சுட்டுவதில்லை. கழிந்துபோன கொழுந்தைச் சுட்டுகிறது. செய்தவரை "ஆல்" உருபு கொடுத்துச் சேர்க்க இலக்கணம் இடந்தருகிறது. எழுதுவோர் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. தோன்றா எழுவாய் வேறு, தொலைந்த கருத்தா வேறு. செய்தவர் யாரென்று தெரியாத இடத்தும், செயலுக்கு உள்ளானவரே முக்கியமாகும் இடத்தும் செயப்பாட்டு வினை மொழிக்கு வேண்டியதே. அதனை விலக்கும்படி அவர் சொல்லவில்லை. அவ்வினை வரும் ஒவ்வோர் இடத்திலும் நின்று, யார் என்று கேட்கும்படி மட்டுமே சொன்னார்.

அக்கேள்வி எம்மை மீண்டும் மடுவத்துக்கு அனுப்பியது. கழித்தவர் கணக்கப்பிள்ளை என்று எழுதிவிட்டால் வாக்கியம் நிறைவு பெற்றுவிடும். உண்மை நிறைவு பெறாது. அவரும் சம்பளத்துக்கு நிற்பவர். அவருக்கு அந்தக் கணக்கைச் சொன்னவர் உதவித் துரை. அவருக்கு மேலே துரை. துரைக்கு மேலே கொழும்பிலுள்ள கம்பனி. 1972 ஆம், 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்கள் பெருந்தோட்டங்களை அரசுடைமையாக்கின. 1992 இல் அரசாங்கம் அவற்றின் முகாமைத்துவத்தைப் பிரதேசப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் கையளித்தது. ஒரே ஒரு வினைக்கு எழுவாய் தேடிச் சென்ற நாம் பல நாட்கள் நடந்தோம். தாயாரிடமும், தொழிற்சங்கத் தலைவரிடமும், ஓய்வு பெற்ற கணக்கப்பிள்ளை ஒருவரிடமும் கேட்டோம். கல்லூரி நூலகத்திற் சட்டங்களைப் புரட்டினோம். நான்காம் முறை எழுதியபோது, மூன்று பக்கமாயிருந்த கட்டுரை ஒன்றேகாற் பக்கமாகச் சுருங்கிற்று. அதில் எமக்குத் தெரிந்தது முன்னையதைவிடப் பன்மடங்கு அதிகம். எழுத்தின் வளர்ச்சியென்பது சொற்பெருக்கம் அன்று, அறிவின் பெருக்கமே என்பதை நாம் உணர்ந்தது அப்பொழுதுதான். எழுவாயைத் தேடுதல் எவனோ ஒருவனைக் கூண்டில் ஏற்றுதல் அன்று. ஒரு செயலின் வேர் எங்கெங்கே ஓடுகிறதென்று தோண்டிப் பார்த்தல்.

இப்பயிற்சியின் முழுக் கனத்தையும் இரண்டாம் ஆண்டில், மலையக மக்களின் வரலாற்றை எழுத முற்பட்டபோது அறிந்தோம். எமது பாட்டனார் தலைமுறையைப் பற்றி எல்லோரும் எழுதும் வாக்கியம் ஒன்றுண்டு: "அவர்களுடைய பிரஜாவுரிமை பறிக்கப்பட்டது, பின்னர் அவர்கள் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டனர்." துயரம் நிறைந்த வாக்கியம், ஆனால் புயலையோ வெள்ளத்தையோ பற்றிய செய்தி போல ஒலிக்கும் வாக்கியம். யார் என்று கேட்டவுடன் அது உடைந்து வேறுருக் கொள்கிறது. டி. எஸ். சேனநாயக்காவின் அரசாங்கம் பிரஜாவுரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1948 இற் பாராளுமன்றம் அதனை நிறைவேற்றியது. 1949 இல் அதே பாராளுமன்றம் தேர்தற் சட்டத்தைத் திருத்தி, 1947 இல் வாக்களித்த தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலோரின் வாக்கையும் எடுத்துக்கொண்டது. 1964 ஒக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்திற் கையெழுத்திட்டனர். 975,000 பேரில் 525,000 பேரை இந்தியா ஏற்பது, 300,000 பேரை இலங்கை ஏற்பது, எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசுவது என இரு பிரதமரும் பங்கிட்டனர். பங்குக்குரிய மக்களை அவர்கள் கேட்கவில்லை.

எழுவாய் இட்டு எழுதும்போது நமக்கு இனியவர்களின் பெயரும் வாக்கியத்தில் வந்து நிற்கும். 1948 இற் பாராளுமன்றத்தில் அச்சட்டத்தை எதிர்த்து நின்றோரில் இடதுசாரிகளும் இருந்தனர். ஆயின், 1964 இல் ஒப்பந்தம் செய்த அரசாங்கத்தில் லங்கா சமசமாஜக் கட்சி பங்காளியாக அமர்ந்திருந்தது. இவ்விரண்டையும் ஒரே பந்தியில் எழுத வகுப்பிலிருந்த தோழர் சிலர் விரும்பவில்லை. "பறிக்கப்பட்டது", "அனுப்பப்பட்டனர்" என்ற பழைய வடிவங்கள் எத்துணை வசதியானவை என்பதை அன்றைய விவாதத்திற் கண்டோம். அவை ஆள்வோருக்கு மட்டுமன்றி, அவர்களை எதிர்ப்போருக்கும் புகலிடம் தருகின்றன.

எமது வகுப்பில் மலையகத்தார் மட்டும் இருக்கவில்லை. வடபகுதிக் கடற்கரையிலிருந்து வந்த சகோதரி ஒருவர் கரைவலை இழுப்பைப் பற்றி எழுதினார். மீனுக்குரிய பணத்திற் சம்மாட்டிக்கும் வலை இழுத்தவர்களுக்கும் "பங்கு பிரிக்கப்படும்" என்று அவரும் எழுதியிருந்தார். பிரிப்பவர் யார், எந்தக் கணக்கிற் பிரிக்கிறார் என்று நாம் கேட்டோம். எமது கட்டுரையிற் கவ்வாத்து என்ற சொல்லைக் கண்டு அவர் பொருள் கேட்டார். தேயிலைச் செடியை வெட்டிக் குறுக்கும் வேலை என்று விளக்கி எழுதினோம். ஒருவர் எழுதியதை மற்றவர் உரக்கப் படிக்க, எழுதியவர் வாய்மூடிக் கேட்டிருப்பது அவ்வகுப்பின் விதி. படிப்பவர் எங்கே தடுக்கி விழுகிறாரோ அங்கே வாக்கியத்தைச் செப்பனிட வேண்டும். ஊரை அறியாத ஒருவருக்கு ஊரைச் சொல்லும் பொறுமையை நாம் அங்கே பெற்றோம்.

பேச்சுச் சொற்களைக் கட்டுரையிற் சேர்க்கலாமா என்ற வினாவும் அப்பொழுது எழுந்தது. ஈழத்து இலக்கிய உலகம் 1960களின் முற்பகுதியிலேயே இதனை ஆவேசத்துடன் விவாதித்திருந்தது. சாதாரண மக்களின் பேச்சை இழிசனர் வழக்கென்று பண்டிதர் சிலர் தள்ளினர். முற்போக்கு எழுத்தாளர்கள் அதனைத் தமது கதைகளில் வாழவைத்தனர். யாழ்ப்பாணத்திற் சிகையலங்கார நிலையத்தில் வேலை செய்தவாறே எழுதிய டொமினிக் ஜீவாவின் "தண்ணீரும் கண்ணீரும்" சாகித்திய மண்டலப் பரிசைப் பெற்றது அக்காலத்திலேதான். இவ்வரலாற்றைச் சொல்லிய விரிவுரையாளர், "அரைப் பேர்" என்ற எமது தாயாரின் சொல்லை மாற்ற வேண்டாமென்றார். "அரைநாட் சம்பளம்" என்பது அதன் பொருள். ஆயின், தோட்டத்திற் பேர் போடுதல் என்றால் வேலைக்கு வந்ததாகப் பதிதல். நாள் முழுதும் மலையில் நின்றவளுக்கு மாலையிற் பாதிப் பெயர்தான் என்று அச்சொல் கூறுகிறது. அந்த அவமதிப்பை "அரைநாட் சம்பளம்" சுமக்காது.

அவரோடு உரையாடிய அந்நாட்களிலே இன்னுமோர் உண்மை எமக்குப் புலனாயிற்று. எமது தாயார் ஒருபோதும் "கழிக்கப்பட்டது" என்று சொன்னதில்லை. "இன்னைக்கும் ரெண்டு கிலோ கழிச்சிட்டாங்கப்பா" என்பார். "அரைப் பேர் போட்டுட்டாங்க" என்பார். பாட்டனாரும் "ஓட்டைப் பறிச்சிட்டாங்க" என்றே சொல்லி வந்தார். அவர்களுடைய வாக்கியங்களில் எழுவாய் வெளிப்படையாக இல்லை. ஆனால் விகுதியில் இருக்கிறது. செய்தவர் மனிதர், பலரோ மேலே இருக்கும் ஒருவரோ என்பதை அந்த "ஆங்க" தெரிந்து வைத்திருக்கிறது. எழுத்தறியாத அம்மக்களின் பேச்சில் எழுவாய் தோன்றாமல் நின்றது, தொலையவில்லை. அதனைத் தொலைத்தது பாடசாலைத் தமிழ். "கழிச்சிட்டாங்க" என்று பேசும் பிள்ளை, ஐந்தாறு ஆண்டுகள் கற்ற பின்னர் "கழிக்கப்பட்டது" என்று எழுதுகிறது. இம்மாற்றத்தை நாம் கல்வி என்கிறோம். பிள்ளை பெற்றது பொதுமொழி; அதற்கு விலையாகக் கொடுத்தது, தன் தாய்க்கு யார் என்ன செய்தார் என்ற அறிவு.

ஆசிரியராகிய எமக்கு இதில் நேரடிப் பங்குண்டு. இன்றும் மாதிரிக் கட்டுரைப் புத்தகங்கள் கடைகளில் விற்பனையாகின்றன. பெற்றோர் பெறுபேற்றை வேண்டுகின்றனர், அவ்வேண்டுகோள் நியாயமானதே. பரீட்சையைப் புறக்கணிக்கும்படி ஏழைப் பிள்ளைக்கு உபதேசிக்கும் உரிமை நம்மில் எவருக்கும் இல்லை. ஆயினும், "கழிச்சாங்க" என்று பிள்ளை எழுதினால், ஆசிரியர் அதனைத் திருத்துவதற்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. "கழிக்கப்பட்டது" என்று திருத்தலாம். "கழித்தார்கள்" என்றும் திருத்தலாம். இரண்டும் வழுவற்ற தமிழ். இரண்டுக்கும் பரீட்சகர் ஒரே புள்ளியைத்தான் வழங்குவார். முதலாவது பிள்ளைக்கு மௌனத்தைக் கற்பிக்கிறது. இரண்டாவது, அவன் வீட்டில் அறிந்ததை அழிக்காமல் எழுத்துத் தமிழைக் கற்பிக்கிறது.

இது அரசியல், கட்டுரைப் பாடமன்று என்பார் உளர். செய்தவரைச் சொல்லுதல் அரசியலாயின், சொல்லாது விடுதலும் அரசியலே.

முற்போக்கு அணியைச் சேர்ந்தோரும் இங்கே ஆறுதல் கொள்வதற்கில்லை. நமது ஏடுகளை எடுத்துப் பாருங்கள். "சுரண்டப்படும் வர்க்கம்", "ஒடுக்கப்பட்ட மக்கள்", "மறுக்கப்பட்ட நீதி" என்ற தொடர்கள் பக்கந்தோறும் நிறைந்திருக்கின்றன. பல்லாண்டுப் போராட்டத்தின் சூட்டில் உருவான சொற்கள் அவை, அவற்றுக்கு மதிப்புண்டு. ஆயினும், எந்தத் தராசில், எத்தனை கிலோவை, எவர் கட்டளைப்படி எவர் எடுத்தார் என்று ஒருமுறையேனும் சென்று பாராதவனும் அவற்றை எழுதிவிடலாம். பச்சைக் கம்பளமும் பனித்துளி முத்தும் செய்த வேலையைச் சில வேளைகளில் நமது கோஷங்களும் செய்கின்றன. முன்னது உழைப்பாளியை இயற்கைக் காட்சியாக்கியது. பின்னது அவளை ஒரு பதாகையாக்கி விடுகிறது. இரண்டிலும் அவள் கைகள் தெரிவதில்லை.

எழுத்தாளராக நாம் பெற்ற வளர்ச்சியைத் தொகுத்துச் சொல்வதாயின் அது பெரிதன்று. கல்லூரிக்குச் சென்றபோது ஒரு மணித்தியாலத்தில் நான்கு பக்கம் எழுத எம்மால் முடிந்தது. அங்கிருந்து வெளியேறியபோது ஒரு பக்கம் எழுத ஒரு வாரம் வேண்டியிருந்தது. அந்த வாரத்திற் பெரும்பகுதி மேசையிற் கழியவில்லை. கேட்பதிலும், நடப்பதிலும், சரிபார்ப்பதிலும் கழிந்தது. வரம் பெற்றவருக்கே எழுத்து உரியது என்ற எண்ணம் அந்த நடையிலேதான் கரைந்தது. யார் என்று கேட்க எவருக்கும் முடியும். கொழுந்து பறிப்பவளின் பிள்ளைக்கு மற்றவரைவிட நன்றாகவே முடியும், ஏனெனில் விடையிற் பாதி அவன் வீட்டுப் பேச்சிலேயே இருக்கிறது.

ஆசிரிய நண்பர்களே, நம் முன்னே கிடக்கும் பயிற்சிக் கொப்பிகளில் அந்தப் பாதி விடை நாள்தோறும் வருகிறது. எழுத்துப் பிழைகளோடும் சந்திப் பிழைகளோடும் வருகிறது. பிழைகளைத் திருத்துவோம், எழுவாயை அழிக்காதிருப்போம்.